வெடித்த அனியூரிசத்தில் ஸ்டென்ட் வைத்துக் காயில்: ஆன்டிபிளேட்லெட்டை எந்த நேரத்தில் தொடங்குவது?

குழாய்வழி

வெடிக்காத அனியூரிசம் (மூளைத் தமனிச் சுவர் பை போலப் புடைத்தது) என்றால் ஐந்தாறு நாள் முன்பே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் (தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிபிளேட்லெட் மருந்துகள்) கொடுத்துத் தயார் செய்துவிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்கிறோம். வெடித்ததில் அந்த அவகாசம் கிடையாது. ஏற்கெனவே ரத்தம் கசிந்த மண்டைக்குள் உலோக வலையை விரிக்க வேண்டும், அந்த வலை உறைந்து அடைக்காமல் இருக்க மருந்தும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற வேலை.

பேசுவதற்கு ஒரு கேஸ் வைத்துக்கொள்வோம். அளவுகள் கற்பனைதான். வயது 52, எடை 60 கிலோ, டபிள்யூ.எஃப்.என்.எஸ். (நினைவு நிலையை வைத்துக் கடுமையைச் சொல்லும் அளவுகோல்) கிரேடு 2. வெடித்து 9 மணி நேரம். சி.டி.யில் தடித்த சப்அரக்னாய்டு ரத்தம் (மூளையைச் சுற்றிய உறைக்கு அடியில் கசிந்தது), வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் இருக்கும் அறை) லேசாகப் பெருத்திருக்கிறது. ஏ-காம் (இரு முன் மூளைத்தமனிகளை இணைக்கும் குழாய்) அனியூரிசம், உயரம் 6, அகலம் 5, ஆழம் 5 மி.மீ. கழுத்து (பை தமனியோடு சேரும் வாய்) 4.2. கூரையில் (பையின் உச்சியில்) ஒரு சின்ன மொட்டு. வெடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். ஏ1 (முன் மூளைத்தமனியில் ஏ-காமுக்கு முந்திய பகுதி) குறுக்களவு 2.5, ஏ2 (அதற்கு அடுத்த பகுதி) 2.2.

பைக்குள் காயில் (மெல்லிய உலோகச் சுருள்) நிரப்பி அடைக்க ஸ்டென்ட் தேவையா? தேவை என்றால் எது முன், எது பின்? ஹெப்பாரின் (உறைதல் தடுப்பு மருந்து), டைரோஃபைபான் (நரம்புவழி ஆன்டிபிளேட்லெட்), வாய்வழி லோடிங் (முதல் பெரிய டோஸ்) ஒவ்வொன்றும் எப்போது?

கபாலம்

முதல் கேள்வியிலேயே நில்லுங்கள் தம்பி. 2012 அமெரிக்க வழிகாட்டுதலிலேயே வெடித்த அனியூரிசத்தில் ஸ்டென்ட் என்றால் நோவும் சாவும் கூடுகிறது, ஆபத்து குறைந்த வழிகள் எல்லாம் கைவிட்ட பிறகே யோசி என்று எழுதியிருந்தார்கள். 2023 பதிப்பு இன்னும் கறார். வெறும் காயிலோ கிளிப்போ (மண்டையைத் திறந்து கழுத்தில் போடும் கவ்வி) முடியும் என்றால் ஸ்டென்டும் ஃப்ளோ டைவர்ட்டரும் (கண் நெருங்கிய ஸ்டென்ட் வகை) வேண்டாம். இரண்டுமே முடியாத அகன்ற கழுத்தில் மட்டும் அது நியாயமான வழி.

இன்னொன்று. காயிலுக்கு ஆதரவாக எல்லோரும் ஐசாட் ஆய்வைத் (கிளிப்பையும் காயிலையும் ஒப்பிட்டது) தூக்கிக்கொண்டு வருவார்கள். 2002ல் வெளிவந்த அந்த ஆய்வில் சேர்ந்த 2143 பேரும் கிளிப், காயில் இரண்டுக்குமே பொருந்துவார்கள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டவர்கள். அகன்ற கழுத்துக்காரர்கள் பெரும்பாலும் அந்த வாசலிலேயே வடிகட்டப்பட்டவர்கள். ஸ்டென்ட் வைப்பதற்கு ஐசாட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

வலைக்கம்பி

கபாலம் சார் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். 4.2 கழுத்து, 5 அகலம், விகிதம் 1.2 அளவில்தான் வருகிறது. கழுத்து 4 மி.மீ. தாண்டினாலோ விகிதம் 2க்குக் கீழே போனாலோ அகன்ற கழுத்து என்பார்கள். இது இரண்டு கணக்கிலும் மாட்டுகிறது. ஆனால் அகன்ற கழுத்து என்றவுடன் ஸ்டென்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

முதலில் முப்பரிமாண ஆஞ்சியோவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரு பரிமாணப் படத்தில் 4.2 காட்டும் கழுத்து, சரியான கோணத்தில் 3.5 ஆவது அடிக்கடி நடக்கிறது. எந்த ஏ2 கழுத்தோடு ஒட்டிப் புறப்படுகிறது, எது தள்ளி நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அடுத்து இரண்டு மைக்ரோ கதீட்டரை (காயிலைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) பைக்குள் வைத்து இரண்டு காயில்களை ஒன்றோடொன்று பின்னி நிறுத்துவது. அதற்கும் அடங்காவிட்டால் பலூன் (கழுத்தின் குறுக்கே ஊதிக் காயிலைத் தாங்குவது). பலூனின் அருமை, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும், பின்னால் இரட்டை மருந்து கட்டாயமில்லை. வெப் சாதனம் (பைக்குள் விரியும் பின்னல் கூடை) இன்னொரு வழி. அகலத்துக்கு 1 மி.மீ. கூட்டி, உயரத்துக்கு 1 மி.மீ. குறைத்து எடுப்பது அதன் கைக்கணக்கு. முழுக்கப் பைக்குள்ளேயே உட்காருவதால் ஸ்டென்ட் மாதிரி மருந்துச் சுமை இல்லை. வெடித்தவர்களிடம் வெப் வைத்துப் பார்த்த கிளாரிஸ் ஆய்வின் 60 பேரில் ஓராண்டு வரை யாருக்கும் மறுகசிவு வரவில்லை.

பலரும் மறக்கும் வழி கடைசியாக. இன்று கூரையையும் அந்த மொட்டையும் மட்டும் அடைத்துவிட்டு, கழுத்தை விட்டுவிட்டு வெளியே வா. சில வாரம் கழித்து, மருந்தை நிதானமாக ஏற்றி, ஸ்டென்டோடு திரும்பிப் போ.

கபாலம்

கழுத்தை விட்டுவிட்டு வருவது கேட்க அழகாக இருக்கிறது. எவ்வளவு விடலாம்? 2008ல் வந்த காராட் ஆய்வின் எண்களைப் பாருங்கள். முழுதாக அடைத்தவர்களில் மறுவெடிப்பு 1.1%. 91 முதல் 99% அடைத்ததில் 2.9. 70 முதல் 90ல் 5.9. 70க்குக் கீழே 17.6. அரைகுறையாக விட்டால் பாதுகாப்பு என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

வலைக்கம்பி

அதே எண்களைத்தான் நானும் வைத்துப் பேசுகிறேன். 2.9க்கும் 17.6க்கும் நடுவில் இருக்கும் தூரம் முழுக்கக் கூரையை மூடினோமா இல்லையா என்பதுதான். கழுத்தில் கொஞ்சம் மிச்சம் இருப்பது ஒரு கணக்கு. மொட்டுக்குள் சாயம் போய்க்கொண்டிருக்கும்போதே வெளியே வருவது வேறு கணக்கு. இரண்டாவதைச் செய்வதற்குப் பதில் ஸ்டென்ட் வைப்பேன்.

ஏழாம்_அறை

லேப் பக்கத்திலிருந்து. பலூனா ஸ்டென்டா என்று டேபிளில் போய் முடிவெடுப்பது என்றால், அதற்கு இடம் கொடுக்கும் கைடை (மற்றக் குழாய்கள் உள்ளே போகும் பெரிய கதீட்டர்) முதலிலேயே எடுத்துத் தொலையுங்கள். நடுவில் மாற்ற வேண்டிவந்தால் பைக்குள் உட்கார்ந்திருக்கும் மைக்ரோவையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

கணக்கு சின்னது. 1 ஃப்ரெஞ்ச் 0.33 மி.மீ. 0.070 அங்குல கைடின் உள்விட்டம் 1.78 மி.மீ. 17 மைக்ரோ கதீட்டரின் (உள்விட்டம் 0.017 அங்குலம்) பின்பாதி 2.4 ஃப்ரெஞ்ச், அதாவது 0.8 மி.மீ. இரண்டு 17 போட்டால் 1.6, தாராளம். 17ம் 21ம் என்றால் 0.8 + 0.83, அதுவும் போகும். ஸ்கெப்டர் பலூனின் பின்பாதி 2.8 ஃப்ரெஞ்ச், 0.93. அதோடு ஒரு 17 சேர்ந்தால் 1.73. ஏட்டில் நுழைகிறது, கையில் இறுகுகிறது. ஒன்றைத் தள்ளினால் மற்றொன்றும் சேர்ந்து நகரும். இடையில் ஃப்ளஷ் (குழாய்களை அலசும் ஹெப்பாரின் கலந்த சலைன்) ஓட இடமே இருக்காது, ஓடாத இடத்தில் கட்டி பிடிக்கும். 0.088 நீள ஷீத் கழுத்தில் ஏறுமானால் இந்தத் தலைவலி இல்லை.

டிரிப் சேம்பர் ஒவ்வொன்றிலும் சொட்டு விழுகிறதா என்று ஒருவர் கண் எப்போதும் இருக்கட்டும். பிரஷர் பேக் 300ல் நிற்கிறது என்பதற்காகச் சொட்டு ஓடுகிறது என்று அர்த்தமில்லை. ஒய் கனெக்டர் நெருக்கமாகத் திருகியிருந்தால் மேலே பை குண்டாக இருக்கும், கீழே ஒன்றும் போகாது.

மயக்கமருந்து

ஃப்ளஷ் பற்றி ஏழாம் அறை தொட்டதால் ஒன்று. லிட்டருக்கு 5000 யூனிட் கலந்தால் மி.லி.க்கு 5 யூனிட். நாலு லைன், தலா மணிக்கு 60 மி.லி., மூன்று மணி நேரம்: 720 மி.லி., 3600 யூனிட். ஹெப்பாரின் இன்னும் கொடுக்கவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருப்பார், ஃப்ளஷ் ஒரு முழு போலஸை (ஒரே தடவையில் போடும் டோஸ்) கொடுத்து முடித்திருக்கும். வெடித்த கேஸுக்கு மி.லி.க்கு 2 யூனிட் போதும். அந்த 720 மி.லி. திரவத்தையும் உள்ளே போன கணக்கில் எழுதுங்கள்.

மயக்கத்தில் இரண்டே கவலை. அடைக்கும்வரை சிஸ்டாலிக் 160க்குள். 120 முதல் 140 வரை வைப்பது என் வழக்கம். ரொம்பக் குறைத்தால் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் மூளைக்கு ரத்தம் போகாது. அடுத்தது அசைவு. தசை தளர்த்தி கடைசி காயில் வரை இறங்கக் கூடாது. மைக்ரோ பைக்குள் இருக்கும்போது ஒரு இருமல் போதும்.

மயக்கம் கொடுக்கும் முன்பே புரோட்டமின் (ஹெப்பாரின் முறிப்பான்) சிரிஞ்சில் இழுத்து, பெயர் ஒட்டி, கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மி.கி. 3000 யூனிட் போயிருந்தால் 30 மி.கி. வெடித்த பிறகு ஆம்பூல் தேடினால் பயனில்லை.

குழாய்வழி

இ.வி.டி. (வென்ட்ரிக்கிள் திரவத்தை வெளியே வடிக்கும் குழாய்) இந்தக் கேஸில் முன்பே போட வேண்டுமா? வென்ட்ரிக்கிள் லேசாகத்தானே பெருத்திருக்கிறது?

கபாலம்

ஸ்டென்ட் சாத்தியம் என்று பட்டியலில் இருந்தால், போடு. வெறும் காயில் என்றால் காத்திருந்து பார்க்கலாம். ஸ்டென்ட் வைத்து இரட்டை மருந்து ஓடும்போது மூன்றாம் நாள் வென்ட்ரிக்கிள் பெருத்தால் மூளையில் குத்தப்போவது நான்தான், ரத்தம் நிற்காது. 2011ல் வந்த ஒரு தொகுப்பில் வெடித்த கேஸில் ஸ்டென்ட் வைத்த 339 பேரில் 8% பேருக்கு நோயாளியைப் பாதிக்கும் அளவு மூளைக் கசிவு வந்தது. இ.வி.டி. இருந்தது என்று தெரிந்த 90 பேரில் 9 பேருக்கு அந்தக் குழாய் போன பாதையிலேயே கசிவு. ஆகவே குழாய் முதலில், சி.டி. எடுத்துப் பாதை சுத்தமாக இருப்பதைப் பார், பிறகு லேப்.

கோச்சர் புள்ளி (அந்தக் குழாய் குத்தும் இடம்) எல்லோருக்கும் தெரியும். மூக்கின் வேரிலிருந்து (இரு கண்ணுக்கு நடுவில்) 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி. இந்த நோயாளிக்கு முக்கியம், ஒரே குத்தில் போக வேண்டும். மூன்று முறை குத்தின பாதை, மருந்து ஏறியதும் கசிகிற பாதை. நம்பிக்கை இல்லாத கையை அன்றைக்கு அனுப்பாதீர்கள்.

மயக்கமருந்து

கூடவே, அடைக்கும்வரை இ.வி.டி.யை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். மண்டை அழுத்தம் சட்டென்று விழுந்தால் அனியூரிசச் சுவருக்கு வெளியே இருந்த தாங்கலும் போகிறது, உள்ளே இருக்கும் அழுத்தம் அப்படியே. காது மட்டத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வைத்து மெதுவாக வடியட்டும். டேபிளை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அந்த உயரம் மாறுகிறது என்பதை லேபில் யாரும் கவனிப்பதில்லை.

வலைக்கம்பி

இப்போது வரிசை. என் வாதம் ஒன்றுதான்: காயில் முதலில், ஸ்டென்ட் கடைசியில். கூரை அடைபட்ட பிறகு மருந்து கொடுத்தால் அது அடைத்த அனியூரிசத்துக்குக் கொடுத்த மருந்து. ஸ்டென்டை முதலில் திறந்தால், திறந்த நொடியிலிருந்து மருந்து வேண்டும், அப்போது மொட்டு இன்னும் திறந்திருக்கிறது.

ஏ1 வழியாக மைக்ரோ ஒன்று பைக்குள். நுனியை மொட்டுக்குள் விடாதே, பையின் நடுவிலோ கழுத்தை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கிலோ நிறுத்து. நேர் நுனி ஏ-காமில் நிற்காது, நீராவியில் வளைத்துக்கொள்ள வேண்டும். மேண்ட்ரிலை (வளைவு கொடுக்கும் கம்பி) வேண்டிய வளைவைவிட அதிகமாக மடக்கி உள்ளே விட்டு, ஆவியில் அரை நிமிடம் காட்டி, உடனே சலைனில் நனை, பிறகு மேண்ட்ரிலை உருவு. உருவியதும் வளைவில் பாதி நிமிர்ந்துவிடும், அதனால்தான் அதிகமாக மடக்கச் சொல்வது.

இரண்டாவது மைக்ரோவை, அல்லது பலூனை, கழுத்தோடு ஒட்டிய ஏ2வுக்குள் நன்றாக ஏற்று. ஸ்கெப்டர் சி எடுத்தால் ஒரு லாபம்: பலூன் தோற்றுப்போனால் அதே பலூனின் குழாய் வழியாகவே எல்விஸ் ஜூனியர் ஸ்டென்டைத் தள்ளலாம், எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஃப்ரேமிங் காயில் (முதலில் கூடை போல நிற்கும் வெளிச்சுருள்) 5 மி.மீ. சுற்று. வெடித்த பைக்குள் அளவைவிடப் பெரிய காயிலைத் திணிக்காதே, மென்மையான வகையை எடு. சுற்றி முடித்ததும் விடுவிக்காமல் பலூனை இறக்கிப் பார். கூடை நிற்கிறதா? ஏ2 வாயில் வளையம் தொங்குகிறதா? நின்றால் விடுவி. அப்போது ஹெப்பாரின், கிலோவுக்கு 50 யூனிட், ஏ.சி.டி. (ரத்தம் உறையும் நேரம், வினாடியில்) 200 முதல் 250. அதற்கு முன்னால் வேண்டாம்.

எவ்வளவு நீளம் காயில் வேண்டும் என்று கண்மதிப்பில் போகாதீர்கள். பையின் கொள்ளளவு 6 × 5 × 5 × 0.52, ஏறக்குறைய 78 கன மி.மீ. அதில் 25% நிரம்ப வேண்டும் என்றால் 19.6. 0.010 அங்குலக் காயில் ஒரு செ.மீ.க்கு 0.5 கன மி.மீ. பிடிக்கும், ஆக 39 செ.மீ. 5க்கு 15 (சுற்று மி.மீ., நீளம் செ.மீ.), 4க்கு 8, 3க்கு 6, 2க்கு 4, பிறகு 2க்கு 3 இரண்டு என்று வைத்தால் சரியாக வருகிறது. 0.012 எடுத்தால் 27 செ.மீ. போதும், ஆனால் கடினம் கூடும்.

பலூனை ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஊதி வைக்காதீர்கள்.

குழாய்வழி

கூடை நிற்கவில்லை. பலூன் இறக்கியதும் இரண்டு வளையம் ஏ2வுக்குள் இறங்குகிறது. அப்போது?

வலைக்கம்பி

காயிலைத் திரும்ப எடுத்து, 4.5 மி.மீ. வேறு வடிவத்தில் ஒருமுறை முயன்று பார். அதுவும் இறங்கினால் அப்போதுதான் ஸ்டென்ட்.

அளவு: கழுத்து 4.2, இரண்டு பக்கமும் 5 மி.மீ. பிடிப்பு, ஆக 14.2. 15 மி.மீ. ஸ்டென்ட் ஏட்டுக்குச் சரி, ஆனால் வளைவில் அரை மி.மீ. நழுவினால் கழுத்துக்குள் விழும். 3.0 × 21 எடுப்பேன். அட்லஸ் ஸ்டென்ட் 17 மைக்ரோவிலேயே போகும், இரண்டு 17ம் சேர்ந்து கைடுக்குள் தாராளம். ஒரு எச்சரிக்கை, அட்லஸைத் திறக்கத் தொடங்கினால் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. எல்விஸை முக்கால் பங்கு திறந்த பிறகும் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பின்னல் வலை. நெருக்கிப் பிடிக்கும், மருந்து குறைந்தால் உறைவதும் அது சீக்கிரம்.

திறக்கும் முன் மைக்ரோவில் சேர்ந்திருக்கும் தொய்வை எடுத்துவிடு. இல்லாவிட்டால் நீ வெளியே மைக்ரோவை இழுப்பாய், நுனி அசையாது, திடீரென்று தாவும். டெலிவரி கம்பியின் நுனி எப்போதும் திரையில் இருக்கட்டும். எல்லோர் கண்ணும் கழுத்தில் இருக்கும்போது அந்தக் கம்பி தூர ஏ2வில் ஓட்டை போட்டுவிடும்.

காயில் மைக்ரோ பைக்குள் இருக்கிற நிலையிலேயே ஸ்டென்ட் திறந்தால் அது ஸ்டென்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிறைப்படும். அதுதான் நமக்கு வேண்டும், நுனி உதறாது. வலைக் கண் வழியாகப் பின்னால் நுழைவதைவிட வெடித்த கேஸில் இதுவே மேல். நுழையும்போது தடுக்கி, விடுபட்டு, முன்னால் பாயும் நுனி நேராகக் கூரைக்குத்தான் போகும்.

மருந்தகம்_24

ஸ்டென்ட் திறந்த நிமிடத்துக்கான கணக்கு, 60 கிலோவுக்கு. டைரோஃபைபான் 100 மி.லி. பாட்டிலில் 5 மி.கி., மி.லி.க்கு 50 மை.கி. போலஸ் கிலோவுக்கு 8 மை.கி. என்றால் 480 மை.கி., 9.6 மி.லி., மூன்று நிமிடத்தில். பிறகு நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.1 மை.கி., அதாவது மணிக்கு 7.2 மி.லி. இதயத்துக்குப் போடும் கிலோவுக்கு 25 மை.கி. போலஸ் இங்கே கிடையாது. கேத் லேபில் இதய அட்டவணை ஒட்டியிருந்தால் அதைப் பார்த்துப் போட்டுவிடும் ஆபத்து நிஜமானது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்ஃப்யூஷன் பாதி.

லோடிங் ரைல்ஸ் ட்யூப் (மூக்குவழி வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாக. என்டரிக் பூச்சு போட்ட ஆஸ்பிரினை இடித்துப் போடாதீர்கள், கரையும் மாத்திரை 300 மி.கி. எடுங்கள். குளோபிடோக்ரல் 300 மி.கி.யைப் பொடித்து 30 மி.லி. தண்ணீரில் கலந்து கொடுத்து, மேலும் 30 விட்டுக் கழுவி, ட்யூபை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். மூடாமல் வடிகால் பையில் விட்டால் மருந்து பைக்குப் போகும். 300 முழுதாக வேலை செய்ய ஏறக்குறைய 6 மணி நேரம். அதுவரை டைரோஃபைபானை நிறுத்தாதீர்கள்.

வெரிஃபைநவ் (மருந்து தட்டணுவைப் பிடித்ததா என்று பார்க்கும் சோதனை) கேட்கிறவர்களுக்கு: டைரோஃபைபான் ஓடும்போதோ நிறுத்தின மறுநாளோ எடுத்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை, 48 மணி நேரம் விட வேண்டும். பி.ஆர்.யு. (அந்தச் சோதனையின் எண்) 208க்கு மேல் என்றால் குளோபிடோக்ரல் பிடிக்கவில்லை. நம் மக்களில் அந்த மருந்தை மாற்றித்தரும் மரபணு பலவீனமானவர்கள் நிறையப் பேர், ஆகவே இது அரிது என்று விட்டுவிட முடியாது. 60க்குக் கீழே போனால் எதிர்ப்பக்கப் பயம்.

கபாலம்

டைரோஃபைபான் ஓடுகிறது, என் இ.வி.டி. போட்டு மூன்று மணி நேரம்தான் ஆகிறது. இதை எல்லோரும் எப்படிச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள் என்று தெரியவில்லை.

வலைக்கம்பி

சாதாரணம் இல்லை சார். இரண்டு ஆபத்தில் ஒன்றை எடுக்கிறோம். நீங்கள் சொன்ன அதே தொகுப்பில் ரத்தக்கட்டி அடைப்பு 6% வந்திருக்கிறது, அதுவும் ஏதோ ஒரு மருந்து கொடுத்த பிறகு. டைரோஃபைபானை நான் விரும்பக் காரணம் நிறுத்தினால் சில மணி நேரத்தில் விலகும். கான்க்ரலார் (இதுவும் நரம்புவழி ஆன்டிபிளேட்லெட்) கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு மணி நேரத்துக்குள் தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். வயிற்றுக்குள் போன குளோபிடோக்ரலைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் வாய்வழி லோடிங்குக்கு முன்னால் டேபிளிலேயே ஃபிளாட் பேனல் சி.டி. எடுக்கச் சொல்வது. புதுக் கசிவு இருந்தால் லோடிங்கை நிறுத்து, டைரோஃபைபானை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடு.

அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ரத்தம் இல்லை. கசிந்த சாயமும் அப்படித்தான் இருக்கும். சாயம் ஒரு நாளில் மங்கிவிடும்.

கபாலம்

லோடிங்குக்கு முன் சி.டி., இது எனக்குச் சம்மதம். எங்கள் பக்கம் இருந்து கேட்பதெல்லாம் அந்த ஒன்றுதான். பல இடங்களில் மயக்கம் தெளியும் முன்பே மாத்திரை போய்விடுகிறது. குளோபிடோக்ரலுக்குப் பதில் டிகாக்ரலாரை எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதற்கு மேலே பிளேட்லெட் ஏற்றினாலும் பெரிய பலன் இல்லை, போன மருந்து புதுத் தட்டணுக்களையும் பிடிக்கும்.

குழாய்வழி

டேபிளில் வெடித்தால்? எதிலிருந்து முதலில் தெரியும்?

மயக்கமருந்து

பெரும்பாலும் மானிட்டரில். சாயம் ஊசி போடும் முன்பே பிரஷர் 200 தாண்டும், நாடி 50க்கு இறங்கும். அப்போது நான் சத்தம் போடுவேன், நீங்கள் கையை அப்படியே வையுங்கள்.

வலைக்கம்பி

கையை அப்படியே வைப்பதுதான் முதல் மருந்து. காயில் கூரைக்கு வெளியே போய்விட்டது என்று பதறி இழுக்காதே. இழுத்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த ஒரே பொருளையும் எடுத்துவிட்டாய். வெளியே போனது வெளியே இருக்கட்டும், மைக்ரோவை மெல்லப் பின்வாங்கி மீதிக் காயிலைப் பைக்குள் சுற்று. பலூன் இருந்தால் உடனே ஊது. புரோட்டமின், பிரஷர் இறக்கு, இ.வி.டி. திற. அதன் பிறகு வேகமாகக் காயில் மேல் காயில்.

ஸ்டென்ட் ஏற்கெனவே திறந்து டைரோஃபைபானும் போயிருந்தால் நிலைமை கஷ்டம். டைரோஃபைபானை நிறுத்து, காயிலை முடி. கசிவு நின்ற பிறகு ஸ்டென்டுக்குள் சாயம் ஓடுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார். இப்படி ஒரு மூலையில் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்டென்ட் கடைசியில் என்று சொல்வது.

ஏழாம்_அறை

காயில் விடுவிப்பதில் ஒரு விஷயம், புதிதாக வருபவர்கள் தவறவிடுவது. மைக்ரோவில் இரண்டு மார்க்கர், நடுவில் 3 செ.மீ. காயில் தள்ளும் கம்பியின் மார்க்கர் பின் மார்க்கரைத் தொட்டு ஒரு டி எழுத்துப் போல நிற்க வேண்டும். அதற்கு முன்னால் விடுவித்தால் வால் மைக்ரோவுக்குள்ளேயே நிற்கும். தாண்டி ரொம்பத் தள்ளினால் கடினமான கம்பி நுனி பைக்குள் எட்டிப்பார்க்கும், வெடித்த பையில் அது ஊசி. விடுவித்ததாக மிஷின் பீப் அடித்தாலும், கம்பியை ஒரு மி.மீ. பின்னிழுத்து, காயில் கூடவே வருகிறதா என்று திரையில் பார்த்த பிறகுதான் முழுக்க இழுக்க வேண்டும்.

சிறைப்பட்ட மைக்ரோவைக் கடைசியில் எடுக்கும்போதும் அதே நிதானம். உள்ளே கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு, ஸ்டென்டின் முனை மார்க்கர்கள் நகருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இழுங்கள்.

இரவுப்பணி

ஐ.சி.யூ.வில் இறங்கிய பிறகு நடப்பவை. நிமோடிபின் (தமனிச் சுருக்கத்தால் வரும் பாதிப்பைக் குறைக்க) 60 மி.கி. நாலு மணிக்கு ஒருமுறை, 21 நாள். பிரஷர் விழுந்தால் நிறுத்தாதீர்கள், 30 மி.கி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்று பிரித்துக் கொடுங்கள். அடைத்த பிறகு 160 என்ற பழைய வரம்பை யாராவது கேஸ் ஷீட்டில் மாற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஸ்பாஸம் (மூளைத் தமனிகள் சுருங்குவது) வரும் நாட்களில் இரவு டியூட்டியில் இருப்பவர் பழைய வரம்பைப் பார்த்து பிரஷரை இறக்கிக்கொண்டிருப்பார்.

தொடை வழியாகப் போயிருந்தால் இரட்டை மருந்தோடு அந்த ஓட்டை சும்மா இருக்காது. கட்டு உலர்ந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். நாடி ஏறி, பிரஷர் இறங்கி, இடுப்புப் பக்கம் வலி என்றால் பின்வயிற்றுக் கசிவு. இந்த நோயாளிகளில் பாதிப் பேர் வலி என்று சொல்லும் நிலையில் இருக்கமாட்டார்கள், ஆகவே முதல் நாள் ஹீமோகுளோபினை ஆறு மணிக்கு ஒருமுறை பார்க்கிறோம்.

மருந்தகம்_24

சிஸ்டர் சொன்னதோடு சேர்க்க: வலிப்புக்கு ஃபெனிடோயின் எழுதாதீர்கள், நிமோடிபினையும் டிகாக்ரலாரையும் அது ஈரலில் கரைத்துவிடும். லெவிடிராசிட்டாம். வயிற்றுக்கு ஒமிப்ரசோல் வேண்டாம், குளோபிடோக்ரலை முடக்கும். பான்டோபிரசோல் போதும்.

குழாய்வழி

இ.வி.டி. எடுப்பதும் ஷன்ட் (உடலுக்குள்ளேயே வைக்கும் நிரந்தர வடிகால்) வைப்பதும் இரட்டை மருந்தோடு எப்படி?

கபாலம்

இ.வி.டி.யை உருவும்போதும் கசியும், போடும்போது மட்டும் இல்லை. மருந்தை நிறுத்தாமலே எடுக்கிறோம், தையல் போட்டு, அன்றே சி.டி. ஷன்ட் என்றால் கதை வேறு. குளோபிடோக்ரலை 5 நாள் நிறுத்தினால் புது ஸ்டென்ட் அடைக்கும். ஆஸ்பிரினை விடாமல், நடுவில் கான்க்ரலாரோ டைரோஃபைபானோ வைத்துக் கடக்க வேண்டும். இந்தத் தலைவலி மூன்றாவது வாரத்தில் வரும், ஸ்டென்ட் வைத்தவர் அப்போது வேறு கேஸில் இருப்பார். முதல் நாளே இதை யோசித்தால் பாதி கேஸில் பலூனோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

வலைக்கம்பி

மறுக்க மாட்டேன். நடு மூளைத்தமனிப் பிரிவில் அகன்ற கழுத்து, கூடவே ரத்தக்கட்டி என்றால் நானே உங்களைத்தான் கூப்பிடுவேன். ஆனால் பேசிலர் நுனி, கொப்புள அனியூரிசம், பிரிந்து கிழிந்த முதுகெலும்புத் தமனி, இவற்றில் கத்திக்கும் இடமில்லை, வெறும் காயிலும் நிற்காது. அங்கே ஸ்டென்ட் வேண்டியதுதான். கொப்புளத்தில் காயில் நுழைக்கவே சுவர் கிடையாது.

குழாய்வழி

கடைசியாக, பின்தொடர்தல். குளோபிடோக்ரல் 6 மாதம், பிறகு ஆஸ்பிரின் மட்டும் என்று எழுதுகிறோம். ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஏ. (எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) போதுமா?

வலைக்கம்பி

ஸ்டென்ட் இருந்தால் போதாது. சாதாரண டி.ஓ.எஃப். (சாயம் இல்லாத) எம்.ஆர்.ஏ.வில் நிட்டினால் வலைக்குள் சிக்னல் விழுந்துவிடும், குழாய் சுருங்கியது போலவோ அடைத்தது போலவோ தெரியும். அதைப் பார்த்துப் பதறி நோயாளியைக் கூப்பிட்டவர்கள் உண்டு. முதல் ஆறு மாதப் படம் டி.எஸ்.ஏ.வாகவே (கதீட்டர் வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) இருக்கட்டும். அன்றே சாயம் ஏற்றிய எம்.ஆர்.ஏ. ஒன்றும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த வருடத்திலிருந்து அந்த எம்.ஆர்.ஏ.வை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். குளோபிடோக்ரலை நிறுத்துவது டி.எஸ்.ஏ. பார்த்த பிறகு, முன்னால் இல்லை.